எரிவாயு எஞ்சினின் வெப்பம் எங்கே போகும்? பால் ஆலை நடத்தும் வாசகருக்குப் பதில்

கேள்வி: கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே, ரெட்டிச்சாவடி பக்கம், நாளொன்றுக்கு 20,000 லிட்டர் பால் பதனிடும் சிறிய ஆலை நடத்தி வருகிறோம். பாய்லர் சவுக்கு விறகில் எரிகிறது. மழைக்காலத்தில் விறகு நனைந்துவிட்டால் டீசல் பர்னரைப் போடுகிறோம். மாதம் ஏறக்குறைய 42,000 யூனிட் மின்சாரம் செலவாகிறது. மேற்கே குடியிருப்புகள் பெருகிவிட்டதால் பாய்லர் புகை குறித்துப் புகார் வருகிறது. 200 கிலோவாட் இயற்கை எரிவாயு எஞ்சின் ஒன்றை நிறுவினால் மின்சாரமும் சுடுநீரும் ஒருசேரக் கிடைக்கும், மிச்ச வெப்பத்தில் பாலையே குளிரவைக்கலாம், நெய்வேலி மின்சாரத்தைவிட மாசு பாதிக்கும் கீழே என்று ஒரு நிறுவனத்தார் திட்ட அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். குழாய் வந்து சேரும்வரை அழுத்தமூட்டிய வாயுவை லாரியில் கொண்டுவருவார்களாம். லாப நட்டத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சுற்றுச்சூழலுக்கு இது உண்மையில் நல்லதா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

பதில்: அன்புடையீர், உங்கள் ஆலைக்கு அந்த 200 கிலோவாட் எஞ்சின் வேண்டாம். 60 கிலோவாட் அளவில் ஒன்றை, சில நிபந்தனைகளோடு, யோசிக்கலாம். அதற்கும் முன்பாக, இருக்கிற பாய்லரிலும் குளிரூட்டியிலும் செய்ய வேண்டிய வேலைகள் உள்ளன. இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதை நீங்கள் அனுப்பிய கணக்குகளை வைத்தே விளக்குகிறேன். திட்ட அறிக்கையில் உள்ள எண்கள் பொய்யல்ல. ஆனால் அவை எந்தச் சூழ்நிலைக்குப் பொருந்துமோ, அந்தச் சூழ்நிலை உங்கள் ஆலையில் இல்லை.

இணை உற்பத்தி என்பது எளிய கருத்து. எரிவாயுவில் ஓடும் எஞ்சின் ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது. எரிபொருளில் உள்ள ஆற்றலில் 35 சதவீதம் அளவுக்கு மின்சாரமாகிறது. மீதியில் பெரும்பகுதி எஞ்சினைச் சுற்றி ஓடும் குளிர்நீரிலும் புகைபோக்கி வழியாகவும் வெப்பமாக வெளியேறும். வழக்கமான ஜெனரேட்டரில் ரேடியேட்டர் அதைக் காற்றில் விட்டுவிடும். இங்கே அதைப் பிடித்து 90 டிகிரி சுடுநீராகவோ, புகையின் சூட்டிலிருந்து நீராவியாகவோ ஆக்குகிறோம். நல்ல அமைப்பில் இன்னொரு 48 சதவீதம்வரை இப்படிக் கைக்கு வரும். அதாவது 1 யூனிட் மின்சாரத்துடன் கிட்டத்தட்ட 1.4 யூனிட் வெப்பம் கிடைக்கிறது (வெப்பத்தையும் எரிபொருளின் ஆற்றலையும் மின்சாரத்தைப் போலவே யூனிட்டில், அதாவது கிலோவாட் மணியில், சொல்கிறேன்). இந்த வெப்பத்துக்கு ஆலையில் உண்மையான வேலை இருக்கிறதா, அது இல்லாமல் போனால் எந்த எரிபொருளை எரித்திருப்பீர்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கான பதிலில்தான் சுற்றுச்சூழல் ஆதாயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

இயற்கை எரிவாயுவின் 1 யூனிட் ஆற்றலை எரித்தால் 0.2 கிலோ கரியமில வாயு வெளிவரும். டீசலில் அது 0.27 கிலோ அளவு. 1 யூனிட் மின்சாரத்துக்கு எஞ்சின் 2.86 யூனிட் எரிவாயுவைக் குடிப்பதால் 0.58 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. நம் நாட்டு மின்தொகுப்பின் சராசரி, மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி, யூனிட்டுக்கு 0.7 கிலோவை ஒட்டி இருக்கிறது. இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்தால் எஞ்சின் வென்றுவிட்டதாகவே தோன்றும். திட்ட அறிக்கை இதற்கும் ஒரு படி மேலே போய், பாதிக்கு மேல் ஈரமுள்ள பழுப்பு நிலக்கரியை எரிப்பதால் யூனிட்டுக்கு 1 கிலோவைத் தாண்டும் நெய்வேலி மின்சாரத்தோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்கிறது. நெய்வேலி நம் மாவட்டத்திலேயே இருப்பதால் அந்த ஒப்பீடு கேட்பவர் மனத்தில் எளிதில் பதிந்துவிடும். ஆனால் நீங்கள் 1 யூனிட் குறைத்துக்கொண்டால் நெய்வேலியில் 1 யூனிட் குறையும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. வைகாசி முதல் புரட்டாசிவரை காற்றாலைகள் முழுவீச்சில் சுற்றும் நாள்களிலும், சூரிய மின்சாரம் பெருகும் நண்பகலிலும் தொகுப்பில் வருவது வேறு மின்சாரம்; மாலை ஆறு மணிக்குமேல் வருவது வேறு. எஞ்சினை ஓட்டுவதானால் மாலையிலும் விடியற்காலையிலும் ஓட்டுவதே பொருள் உள்ளது. பால் ஆலையின் வேலை நேரம் அதற்கு ஓரளவு ஒத்துவருகிறது என்பது உங்களுக்குச் சாதகமான ஒன்று.

அறிக்கை சொல்லாமல் விட்டது மீத்தேன். இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன்தான். உருளைக்குள் சுடர் எட்டாத இடுக்குகளிலும் குளிர்ந்த சுவரோரத்திலும் அதில் ஒரு சிறு பங்கு எரியாமல் தங்கி, புகையோடு வெளியேறிவிடுகிறது. காற்றை அதிகமாகவும் வாயுவைக் குறைவாகவும் கலந்து எரிக்கும் வகை எஞ்சின்களில் இந்தப் பங்கு 1 முதல் 3 சதவீதம்வரை இருப்பது வழக்கம். பாதிச் சுமையில் ஓட்டினால் கூடும். 2 சதவீதம்தானே என்று ஒதுக்க முடியாது. புதைபடிவ மீத்தேனின் 1 கிலோ, 100 ஆண்டுக் கணக்கில் ஏறக்குறைய 30 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடாக வளிமண்டலத்தைச் சூடாக்கும். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 80 கிலோவையும் தாண்டும். 1 யூனிட் மின்சாரத்துக்கு எஞ்சின் குடிக்கும் வாயு ஏறக்குறைய 200 கிராம். அதில் 2 சதவீதம் 4 கிராம். அதன் சூடேற்றும் திறன் 0.12 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அதை 0.58 உடன் கூட்டினால் 0.7 வருகிறது. வெப்பத்தை வீணாக்கும் எரிவாயு எஞ்சின் மின்தொகுப்பைவிடச் சுத்தமானதல்ல என்பதற்கு இந்தக் கூட்டலே போதுமான சான்று. மின்கம்பியில் வழியில் ஏற்படும் இழப்பைத் தொகுப்பின் கணக்கில் சேர்க்கலாமே என்று நிறுவனத்தார் கேட்பார்கள், சேர்க்கலாம், நியாயம்தான். அப்படியானால் எண்ணூர் முனையத்துக்குக் கப்பலில் வரும் வாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்கும்போது அந்த வாயுவிலேயே ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு செலவாவதையும் இந்தப் பக்கம் சேர்க்க வேண்டும். இரண்டும் ஏறத்தாழ ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும்.

வெப்பம் முழுவதும் பயன்பட்டு, டீசல் பாய்லர் ஒன்றுக்கு ஓய்வு கொடுக்கும் நிலையையும் சொல்லிவிட வேண்டும். அங்கே 1.4 யூனிட் வெப்பம் 0.45 கிலோ கரியமில வாயுவை மிச்சப்படுத்துகிறது. மீத்தேனையும் சேர்த்தே மின்சாரத்தின் பங்குக்கு 0.25 கிலோதான் மிஞ்சும், அதாவது தொகுப்பில் மூன்றில் ஒரு பங்கு. இணை உற்பத்திக்கு உலகெங்கும் இருக்கும் நற்பெயர் இப்படிப்பட்ட இடங்களில் கிடைத்தது. அந்தப் பெயருக்கு அது தகுதியானதும்கூட.

உங்கள் ஆலைக்கு வருவோம். பாலை 4 டிகிரியிலிருந்து 72 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். ஆனால் பாஸ்டரைசரின் தட்டுகளுக்கிடையே, வெளியேறும் சூடான பாலே உள்ளே வரும் குளிர்ந்த பாலுக்குத் தன் சூட்டைக் கொடுத்துவிடுவதால், அந்த 68 டிகிரியில் 85 சதவீதம் இலவசமாகவே கிடைத்துவிடுகிறது. வெளியிலிருந்து ஏற்ற வேண்டியது 10 டிகிரிதான். 20,000 லிட்டருக்கு அது 230 யூனிட் வெப்பம். தொட்டி, குழாய்களைக் கழுவும் சி.ஐ.பி. வேலைக்கும் கிரேட் கழுவுவதற்கும் நாளொன்றுக்கு 8,000 லிட்டர் சுடுநீர் என்று எழுதியிருக்கிறீர்கள். 30 டிகிரி தண்ணீரை 80 டிகிரிக்குக் கொண்டுபோக 465 யூனிட். நெய்க்கும் பன்னீருக்கும் 300 யூனிட் என்று தாராளமாகவே வைத்தாலும் மொத்தம் 1,000 யூனிட்டுக்குள் அடங்கிவிடுகிறது. மின்சாரமோ நாளைக்கு 1,400 யூனிட். 16 மணி நேரத்தில் பரப்பினால் சராசரிச் சுமை 90 கிலோவாட்டுக்கும் கீழே.

200 கிலோவாட் எஞ்சின் இந்தச் சுமையில் பாதித் திறனில்கூட ஓடாது. அந்த நிலையில் அதன் மின்திறன் 30 சதவீதத்தை ஒட்டி இறங்கும், எரியாத மீத்தேன் 3 சதவீதத்தை எட்டும், யூனிட்டுக்கு எல்லாம் சேர்த்து 0.85 கிலோவுக்கு மேல் வந்துவிடும். கிடைக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய பாதி ரேடியேட்டருக்குப் போகும். மிச்ச மின்சாரத்தை வெளியே விற்று எஞ்சினை முழுச் சுமையில் ஓட்டலாம் என்ற யோசனை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அப்படி விற்கும் ஒவ்வொரு யூனிட்டின் வெப்பமும் வீண்தான் என்பதால், சுற்றுச்சூழல் நோக்கில் அதை ஓர் ஆதாயமாக நான் ஏற்கவில்லை.

மிச்ச வெப்பத்தில் பாலைக் குளிரவைக்கலாம் என்பதைத்தான் நான் மிகக் கவனமாகப் படித்தேன். வெப்பத்தில் ஓடும் குளிரூட்டிகள் உண்டு. பெரிய மருத்துவமனைகளிலும் ஓட்டல்களிலும் குளிர்சாதனத்துக்கு அவற்றை வைத்திருக்கிறார்கள். அவற்றில் பரவலாக விற்கப்படும் லித்தியம் புரோமைடு வகையில் தண்ணீரே குளிர்பதனப் பொருளாக இருப்பதால் 5 டிகிரிக்குக் கீழே அதனால் போக இயலாது. உங்கள் ஐஸ் பேங்க் தொட்டியில் வேண்டியதோ 1 டிகிரி தண்ணீர். அம்மோனியாவை உறிஞ்சும் வகையால் அது முடியும் என்றாலும், அதற்கு இன்னும் சூடான வெப்பம் வேண்டும், பலனும் குறைவு. மேலும், 90 டிகிரி சுடுநீரின் 1 யூனிட் வெப்பம் 0.7 யூனிட் குளிரைத்தான் தருகிறது. அதே குளிரை நல்ல மின்குளிரூட்டி 0.15 யூனிட் மின்சாரத்தில் தந்துவிடும். ஆக, அந்த வெப்பம் மிச்சப்படுத்துவது மிகச் சிறிது.

அதைவிட எனக்குக் கவலை தருவது தண்ணீர். இத்தகைய குளிரூட்டி 1 யூனிட் குளிருக்கு 2.4 யூனிட் வெப்பத்தைக் குளிர்கோபுரத்தில் ஆவியாக்கி விட வேண்டும், மின்குளிரூட்டிக்கு 1.2 போதும். கோபுரம் குடிக்கும் தண்ணீர் இரட்டிப்பாகும் என்பது இதன் பொருள். கடலோரத்தில் ஆழ்குழாய்களில் உப்பேறிக்கொண்டிருக்கும் நிலையில், சுற்றியுள்ள கழனிக்காரர்களும் அதே நீரைத்தான் இறைக்கிறார்கள். உப்பு நீரில் கோபுரத்தை ஓட்டினால் அடிக்கடி நீரை வெளியேற்றிப் புதுநீர் சேர்க்க வேண்டியிருக்கும், செலவு இன்னும் ஏறும். இந்தப் பகுதியை அறிக்கையிலிருந்து முழுதாக எடுத்துவிடச் சொல்லுங்கள்.

அடுத்தது விறகு. டீசலையோ உலை எண்ணெயையோ எரிக்கும் ஆலை எனக்கு எழுதியிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும். கடலூர் கரையோரத்துச் சவுக்கு, மூன்று நான்கு ஆண்டுகளில் வெட்டி மறுபடியும் நடும் பயிர். வெட்டிய இடத்தில் மீண்டும் நடப்படும்வரை, அது எரியும்போது விடும் கரியமில வாயுவை அடுத்த நடவு திரும்ப எடுத்துக்கொள்ளும். அதை நிறுத்திவிட்டு நிலத்துக்கு அடியிலிருந்து வந்த வாயுவின் வெப்பத்தைப் பயன்படுத்தும்போது காலநிலைக்குக் கிடைக்கும் ஆதாயம் ஏறக்குறைய இல்லை. எஞ்சினின் கணக்கில் 0.45 கிலோ மிச்சம் என்று நான் மேலே சொன்னது மழைக்காலத்து டீசல் பர்னர் நாள்களுக்கு மட்டுமே பொருந்தும்.

ஆனால் மேற்கே குடியிருப்பவர்களின் மூச்சு வேறு விஷயம், அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஈரவிறகின் புகையில் உள்ள நுண்துகள் நுரையீரலுக்குக் கேடு. அதோடு ஒப்பிட்டால் எரிவாயுவில் துகளும் கந்தகமும் இல்லையென்றே சொல்லலாம். பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும்போது உங்கள் புகை நேரே அவர்கள் மேல் போகிறது. எஞ்சினிலும் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் உண்டாகும். உருளையின் உச்ச வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனே எரிந்து உருவாவது இது, எரிபொருள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வரும். வெயிலில் அது மற்ற ஆவிகளோடு சேர்ந்து தரைமட்ட ஓசோனாகிறது. சிப்காட் இரசாயனத் தொழிற்பேட்டை இருக்கும் ஊரில் அந்த மற்ற ஆவிகளுக்கும் பஞ்சமில்லை என்பதால் இதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2023 ஜூலை முதல் 800 கிலோவாட் வரையிலான புதிய ஜெனரேட்டர்களுக்கு, எரிவாயுவில் ஓடுபவை உட்பட, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நான்காம் நிலைக்கு மேற்பட்ட விதிகள் நடைமுறையில் உள்ளன. அந்தச் சான்றிதழ் இல்லாத எஞ்சினை, எவ்வளவு மலிவாகத் தந்தாலும், தொடாதீர்கள்.

எஞ்சினின் வகையும் இங்கே முக்கியம். சிறிய எஞ்சின்களில் காற்றையும் வாயுவையும் சரியளவில் கலந்து எரித்து, காரில் இருப்பதுபோன்ற மூவழி வினையூக்கியைப் புகைக்குழாயில் பொருத்தும் வகை கிடைக்கிறது. நைட்ரஜன் ஆக்ஸைடு, கார்பன் மோனாக்ஸைடு இரண்டும் அதில் வெகுவாகக் குறையும். எரியாத மீத்தேனும், காற்றைக் கூட்டி எரிக்கும் வகையைவிடப் பொதுவாகக் குறைவு. பின்னால் சொன்ன வகைக்குப் பொருத்தும் சாதாரண ஆக்ஸிஜனேற்ற வினையூக்கி கார்பன் மோனாக்ஸைடை அழிக்குமே தவிர மீத்தேனைத் தொடுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்; வினையூக்கி இருக்கிறதே என்று நிறுவனத்தார் சமாதானம் சொல்லக்கூடும்.

உங்கள் ஆலைக்குப் பொருந்தும் அளவை வெப்பத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். 1,000 யூனிட் வெப்பத்தை 1.4 ஆல் வகுத்தால் 700 யூனிட் மின்சாரம். 12 மணி நேரம் ஓட்டினால் 60 கிலோவாட். உங்கள் மின்தேவையில் பாதியை அது பார்த்துக்கொள்ளும், ஆண்டு முழுவதும் முழுச் சுமைக்கு அருகில் ஓடும், நன்றாகப் போர்த்திய ஒரு சுடுநீர்த் தொட்டி இருந்தால் வெப்பம் வீணாகாது. அப்போதும் விறகுக்கு மாற்றாக மட்டும் அது ஓடினால் யூனிட்டுக்கு 0.6 கிலோவுக்கு மேல்தான் வரும். தொகுப்போடு வேறுபாடு சொற்பம். அதனால்தான் இருக்கிற பாய்லரை முதலில் பாருங்கள் என்கிறேன். புதிதாக வெட்டிய சவுக்கில் எடையில் பாதிவரை நீர் இருக்கும். இரண்டு மூன்று மாதம் கூரைக்கு அடியில், தரையிலிருந்து உயர்த்தி, காற்றுப் புகும்படி அடுக்கிவைத்தால் புகையும் குறையும், விறகும் குறையும், ஐப்பசி கார்த்திகையில் டீசல் பர்னரைத் தேட வேண்டியும் இராது. துகள் பிடிக்கும் பை வடிகட்டியைப் புகைக்குழாயில் பொருத்துங்கள். நீராவிக் குழாய்களில் போர்வை கிழிந்த இடங்களைச் சரிசெய்யுங்கள். உங்கள் அம்மோனியா கம்ப்ரசரிலிருந்து சூடாக வெளியேறும் வாயுவை ஒரு வெப்பமாற்றி வழியே செலுத்தினால், கழுவும் தண்ணீரை 50 டிகிரிவரை முன்சூடாக்கும் வேலையில் ஒரு பகுதி செலவின்றி முடிந்துவிடும். இவற்றைச் செய்தபின் வெப்பத்தேவை 1,000 யூனிட்டாகவே இருக்குமா என்பது ஐயம். குறைந்தால் எஞ்சினின் அளவும் அதற்கேற்பக் குறைய வேண்டும். கூரைமேல் சூரியப் பலகை 1 கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 4 யூனிட்போல் தரும். பகல் மின்சாரத்துக்கு அதற்கே முதலிடம்.

உங்கள் கழிவுநீரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. பால் ஆலைக் கழிவுநீரில் கொழுப்பும் சர்க்கரையும் மிகுதி. அது தேங்கும் குட்டையில் மீத்தேன் தானாகவே கிளம்பிக்கொண்டிருக்கும். மூடிய செரிப்பானில் அதைப் பிடித்துப் பாய்லரிலோ பிற்காலத்தில் எஞ்சினிலோ எரிப்பது, நான் மேலே சொன்ன எல்லாவற்றையும்விட நேரடியான நன்மை. 60 கிலோவாட் எஞ்சினை வாங்கத் தீர்மானித்தால், இப்படிக் கழிவுநீரிலிருந்து கிடைக்கும் வாயுவின் கந்தகத்தை நீக்கிக் கலந்து ஓட்டும் வசதி அதில் உண்டா என்று கேளுங்கள்.

லாரியில் வரும் வாயுவைப் பற்றி ஒரு வார்த்தை. 2011 டிசம்பரில் தானே புயலுக்குப் பின் நம் பகுதியில் பல நாள் மின்சாரமில்லாமல் இருந்தது. 2024 இறுதியில் ஃபெஞ்சல் புயலையொட்டித் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. அத்தகைய நாள்களில் குழாய் வாயு ஓரளவு நம்பத்தக்கது, லாரி அப்படியல்ல. எனவே டீசல் ஜெனரேட்டரை எடுத்துவிட முடியும் என்று கணக்குப் போடாதீர்கள். சிலிண்டர் தொகுப்பை ஒவ்வொரு முறை மாற்றும்போதும் இணைப்புக் குழாயிலிருந்து கொஞ்சம் வாயு வெளியே போகும். இணைப்புகளைச் சோப்பு நீராலும் கசிவுமானியாலும் மாதாமாதம் சோதிப்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பழைய எஞ்சின் எண்ணெய் அபாயகரக் கழிவு வகையைச் சேர்ந்தது. அதை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் ஒப்படைக்க வேண்டும், பாய்லரில் ஊற்றக் கூடாது.

குழாய் வந்த பிறகு 60 கிலோவாட் திட்டத்தை மீண்டும் கையில் எடுப்பதானால், நிறுவனத்தாரிடம் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: முழுச் சுமையிலும் பாதிச் சுமையிலும் புகையில் தனியாக அளந்த எரியாத மீத்தேன்; நைட்ரஜன் ஆக்ஸைடு அளவும், வினையூக்கியை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதும்; உங்கள் ஆலையில் பயன்படும் வெப்பத்தை மட்டும் வைத்துப் போட்ட ஆண்டுத் திறன். அதற்கிடையில், பாய்லர் அறையில் ஒரு நோட்டு வைத்து, எந்த மணிக்கு எவ்வளவு சுடுநீர், எந்த வேலைக்கு, எத்தனை டிகிரியில் போயிற்று என்று ஒரு மாதம் குறித்து வாருங்கள். நான் போட்ட 1,000 யூனிட் உங்கள் கடிதத்தை நம்பிப் போட்டது. எஞ்சினின் அளவைத் தீர்மானிக்கும்போது அந்த நோட்டில் உள்ள எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.